சால்மன் சினையை இரையாகப் பதப்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறத் தொடங்கிய சால்மன் பெரும்பாலும் இரை தேடுவதை நிறுத்திவிடுகிறது. ஆனாலும் நீரோட்டத்தில் உருண்டு வரும் சினைக் கொத்தை அது வாயில் கவ்வும். ஸ்டீல்ஹெட் (கடலுக்குச் சென்று ஆற்றுக்குத் திரும்பும் வானவில் ட்ரவுட்), ட்ரவுட் போன்ற மீன்களோ அதை விரும்பியே உண்ணும். ஓரிகன், வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா, அலாஸ்கா ஆறுகளிலும் வட அமெரிக்கப் பேரேரிகளில் கலக்கும் ஆறுகளிலும் தூண்டில் போடுவோர் சினையைப் பெரிதும் நம்பியிருப்பதற்குக் காரணம் இதுதான். இரை கொக்கியில் நிற்கவில்லை, நிறம் கறுத்துவிட்டது, கெட்ட வாடை வருகிறது என்ற குறைகளைக் கேட்கும்போதெல்லாம் பலரும் பதப்படுத்தும் பொடியின் மீதே பழி போடுகிறார்கள். என் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட சினை பொடியைத் தொடுவதற்கு முன்பே, மீனைப் பிடித்த முதல் அரைமணி நேரத்திலேயே கெட்டுவிடுகிறது.

முதல் தவறு இரத்தத்தை வடிக்காமல் விடுவது. பெண் மீனை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவுடன், தலையில் அடித்து அதன் உணர்வை நீக்கிவிட்டு, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செவுள்களை அறுத்து, தலை கீழாக இருக்கும்படி தொங்கவிட வேண்டும். அப்படிச் செய்யாத மீனின் வயிற்றைத் திறந்து பாருங்கள்: ஆரஞ்சு நிறச் சினைப்பைகள் இரண்டின் மேலும் கருஞ்சிவப்பு இரத்த நரம்புகள் கிளை பிரிந்து ஓடும். அந்த நரம்புகளில் தங்கும் இரத்தம்தான் முதலில் அழுகி, பக்கத்து முட்டைகளைப் பழுப்பாக்கி, கெட்ட வாடையைப் பரப்புகிறது. அறுத்த பிறகும் சிறிது இரத்தம் மிஞ்சியிருந்தால், பெரிய நரம்பைக் கத்தி முனையால் இலேசாகக் கீறி, கரண்டியின் பின்புறத்தால் மெதுவாக நீவி வெளியே தள்ளலாம். பத்து நிமிட வேலைதான் என்றாலும், இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வேறுபாடு பல மாதங்கள் கழித்து உறைபெட்டியைத் திறக்கும்போது தெரியும்.

இரண்டாவது தவறு, சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறப்பது: சினையைக் குழாய் நீரில் கழுவுவது. சால்மன் முட்டை ஆற்று நீரில் விழுந்ததும் நீரை உறிஞ்சி, தன் மேலோட்டைக் கெட்டியாக்கிக்கொள்ளும்படி இயற்கை அதை அமைத்திருக்கிறது. கூழாங்கற்களுக்கிடையே நசுங்காமல் கிடக்க அந்தக் கெட்டித்தன்மை அதற்கு வேண்டும். நன்கு முதிர்ந்த சினையை நன்னீரில் நனைத்தால் நாமே அந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்களாகிறோம். அதன் பிறகு பொடி உள்ளே இறங்காமல் முட்டை ரப்பர்க் குண்டு போல ஆகிவிடும். குழாய் நீரில் உள்ள குளோரினும் நன்மை செய்வதில்லை. இரத்தக் கறையை உலர்ந்த காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும். பனிக்கட்டிப் பெட்டியிலும் சினையை நேராகப் போடாமல், உருகும் நீர் படாதவாறு பையில் இட்டு வைப்பது நல்லது.

வெட்டும்போது சவ்வை மறப்பது அடுத்த தவறு. முட்டைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த மெல்லிய சவ்வு மட்டுமே. ஒவ்வொரு துண்டிலும் அதன் ஒரு பகுதி இருக்கும்படி கத்தரிக்கோலால் வெட்டினால்தான் கொக்கியில் போடும் நூல் முடிச்சுக்குள் இரை நிற்கும். சவ்விலிருந்து தாமே உதிரும் அளவுக்கு முதிர்ந்த முட்டைகளைக் கொத்தாகக் கட்ட முயல்வது வீண். அவற்றை வலைத்துணியில் சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளலாம்.

இனி பொடிக்கு வருவோம். வெண்காரம் (போராக்ஸ்) முட்டையை இறுக்கிக் கெடாமல் காக்கும். உப்பு நீரை வெளியே இழுக்கும். சர்க்கரை முட்டை மிகவும் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும். சல்பைட் உப்புகள் நிறம் மங்காமல் தடுக்கும். ஒவ்வொன்றின் வேலையையும் அறியாமல், அதிகம் போட்டால் அதிக நாள் நிற்கும் என்று அள்ளிக் கொட்டுவோர் உண்டு. அளவு மிஞ்சினால் முட்டை வற்றிச் சுருங்கி, நீரில் சாறு விடாத வெறும் தோலாகிவிடும். இரை வேலை செய்வதே சாறு கசிவதால்தான். அயோடின் சேர்த்த உப்பையும் அனுபவசாலிகள் தவிர்க்கிறார்கள்.

சோடியம் சல்பைட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொக்கியிலிருந்து உதிரும் முட்டைகளை ஆற்றிலுள்ள சால்மன், ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் தின்கின்றன. சில கடைப் பொடிகளால் பதப்படுத்திய முட்டைகளைத் தின்ற குஞ்சுகளில் ஒரு பகுதி இறந்ததை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓரிகனில் நடந்த ஆய்வுகள் காட்டின; அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது சோடியம் சல்பைட். ஆகவே உறையில் உள்ள பட்டியலைப் படிக்காமல் வாங்குவதையும், வீட்டுக் கலவையில் சல்பைட்டை மனம்போன அளவில் சேர்ப்பதையும் நான் பெரிய தவறாகவே கருதுகிறேன். நாளை திரும்பி வர வேண்டிய மீனை இன்றைய இரையால் கொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

பொடி தூவிய சில மணி நேரத்தில் பைக்குள் சாறு பெருகி, முட்டைகள் சுருங்கிப் பள்ளம் விழுந்து கிடக்கும். புதியவர்கள் இங்கேதான் பதறுகிறார்கள். கெட்டுவிட்டது என்றெண்ணிச் சாற்றை வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் சாற்றில்தான் நிறமும் உப்பும் மணமும் இருக்கின்றன. பையைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, அவ்வப்போது மெதுவாகப் புரட்டிவிட்டுக் காத்திருந்தால், ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முட்டைகள் சாற்றின் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சி, உருண்டு, பளபளவென்று நிற்கும். ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே அழுத்திப் பாருங்கள்: உடனே வெடிக்காமல் சற்று அமுங்கிக்கொடுத்தால் பதம் சரி. இதற்கு முன்பே உறையவைப்பது பொறுமையின்மையால் வரும் இழப்பு. பதம் வராத பச்சைச் சினையை உறையவைத்தால் உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் முட்டைகளைக் கிழித்துவிடும்; உருகும்போது கையில் கூழ்தான் மிஞ்சும்.

பதம் வந்த சினையையும் ஒரே பெரிய பொதியாக உறையவைக்க வேண்டாம். ஒரு நாள் தூண்டிலுக்கு வேண்டிய அளவில் சிறு கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி வைத்தால், மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைக்க நேராது. காற்றை உறிஞ்சும் பைகள் மென்மையான முட்டைகளை நசுக்கிவிடும் என்பதால், முதலில் உறையவைத்துவிட்டுப் பிறகு பையிலிட்டுக் காற்றை எடுப்பது நல்லது.

வெறுங்கையால் சினையைக் கையாள்வதையும் விட்டுவிடுங்கள். பாலூட்டிகளின் தோலிலிருந்து கழுவிவரும் செரின் என்ற அமினோ அமிலத்தை ஆறேறும் சால்மன்கள் மோப்பத்தால் உணர்ந்து விலகுவதை 1956-இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று பதிவு செய்தது. பெட்ரோல், சன்ஸ்கிரீன், புகையிலை வாடைகளும் இரையில் ஏறக் கூடாது. கையுறை நமக்கும் காப்பு. சல்பைட் தூசு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும், எனவே பொடியைக் காற்றோட்டமான இடத்தில் தூவுங்கள். வெண்காரம் ஏறிய சினை உண்பதற்கு உரியதன்று. பார்ப்பதற்கு அது சாப்பாட்டுச் சினை போலவே இருப்பதால், குடுவையின் மேல் பெரிய எழுத்தில் ‘இரை’ என்று எழுதி, உணவுப் பொருள்களோடு சேராமல் தனியே வைக்க வேண்டும்.

புறப்படும் முன் அந்த ஆற்றின் அவ்வாண்டு விதிகளைப் பார்த்துவிடுங்கள். சில நீர்நிலைகளில் இயற்கை இரைக்கே தடை உண்டு. மீன் நோய்கள் பரவாமலிருக்கச் சினையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. நீரில் இறங்கிய பிறகு, சில வீச்சுகளுக்கு ஒருமுறை இரையை எடுத்துப் பார்ப்பது அவசியம். நிறம் வெளுத்து, முட்டைகள் பால் வெள்ளையாகி, சாறு முழுதும் கழுவப்பட்டுவிட்டால் அந்தத் துண்டின் வேலை முடிந்தது. மிச்சம் பிடிக்காமல் புதியதைக் கட்டிக்கொள்ளுங்கள்.