போர்வெல் மோட்டார் நோட்டு எழுதுவது எப்படி

அடுக்குமாடிக் குடியிருப்பில் போர்வெல் மோட்டாருக்கென்று ஒரு நோட்டு இருந்தாலே பெரிது. இருந்தாலும் "தண்ணி கம்மி, மோட்டார் வீக்" என்று ஒரு வரிதான் இருக்கும். தண்ணீர் குறைந்தது கண்ணால் பார்த்தது. மோட்டார் வீக் என்பது யாரோ ஒருவரின் ஊகம். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஆறு மாதத்தில் ஊகமே உண்மையாகிவிடும். நல்ல மோட்டாரைக் கழற்றி மேலே தூக்குவார்கள்.

முதல் பக்கத்தில் எச்.பி., ஸ்டேஜ் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரங்கள் எத்தனை அடுக்கு), இறக்கிய ஆழம், காயில் கட்டிய தேதி, மோட்டாரை இறக்கிய அன்று எடுத்த அளவுகள். இவை இல்லாவிட்டால் பிற்பாடு எடுக்கும் எண்ணை எதோடு ஒப்பிடுவது?

மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடிப் பத்து நிமிடம் ஆனபின், எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று ஃபேஸிலும் வோல்ட், ஆம்ப்ஸ் பாருங்கள். 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை வினாடி என்றும் பாருங்கள். 80 வினாடி என்றால் நிமிடத்துக்கு 150 லிட்டர். டிரம்மை எப்போதும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும். ஒரு மாதம் போர் வாயிலும் மறுமாதம் மொட்டைமாடியிலும் பிடித்தால் ஒப்பிடவே முடியாது.

பலரும் விட்டுவிடுவது அன்றைய நிலவரத்தை. அளந்த நேரம், மோட்டார் ஓடும்போது நீர்மட்டம், கேட் வால்வு எவ்வளவு திறந்திருந்தது, பக்கத்து மனையில் புது போர் போட்டார்களா என்பதெல்லாம் தனிப் பத்தியில் வரவேண்டும். வோல்ட் இறங்கினால் ஆம்ப்ஸ் ஏறும் என்பதால் மாலை 7 மணி அளவையும் விடிகாலை அளவையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. வால்வை யாரோ பாதி மூடியிருந்தாலும் தண்ணீரும் ஆம்ப்ஸும் சேர்ந்து குறையும், இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் அந்தச் சக்கரம்) தேய்ந்தது போலவே.

ஒரு பதிவு: "410 வோல்ட், 8.2 ஆம்ப்ஸ் (முன்பு 9.6), டிரம் 112 வினாடி (முன்பு 80). வால்வு முழுத் திறப்பு. நீர்மட்டம் 190 அடி, முன்பு 140." கடைசி எண்ணை மறைத்துவிட்டுப் படித்தால் இம்பெல்லர்மேல்தான் சந்தேகம் போகும். ஆனால் தண்ணீர் இப்போது 50 அடி கூடுதலாக ஏற வேண்டியிருக்கிறது. மோட்டாரைத் தொடவே வேண்டாம். மட்டம் 140 அடியிலேயே நின்றிருந்தால் இம்பெல்லரைப் பார்க்கலாம். தண்ணீர் மட்டும் குறைந்து ஆம்ப்ஸ் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் குழாயில் ஓட்டை.

ஊகத்துக்கும் ஒரு பத்தி கொடுங்கள். அனுபவசாலி சொல்வதை எழுதாமல் விடுவதும் நஷ்டம்தான். சொன்னவர் யார், எதைப் பார்த்துச் சொன்னார், எதைச் சோதித்தால் தெரியும் என்று மூன்றும் வேண்டும். "காயில் போச்சு" என்றால் பக்கத்தில் மெக்கர் (காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) அளவு வரும்வரை அது ஊகம். மோட்டாரை மேலே எடுத்துப் பார்த்ததும் கண்டதை அதன் கீழே சிவப்பு மையில் எழுதுங்கள்; தப்பான ஊகத்தை அடிக்கவோ கிழிக்கவோ வேண்டாம்.