ஸ்டீரியோவில் ‘உஸ்’ இரைச்சல்: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு பாடல்களுக்கு இடையில் ஸ்பீக்கரிலிருந்து ‘உஸ்’ என்று ஓயாத இரைச்சல் வந்தால், பலரும் முதலில் செய்வது விலை கூடிய கேபிள் ஒன்றை வாங்குவதுதான். அந்த இரைச்சலுக்குக் கேபிள் காரணமாவது மிக அரிது. கேபிளின் மேல் சுற்றியுள்ள கவசப் பின்னல் அறுந்திருந்தாலும், எர்த் இணைப்பில் குறை இருந்தாலும் எழுவது ‘ம்ம்’ என்னும் தாழ்ந்த ரீங்காரம். அது மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலைவெண்ணிலும் அதன் மடங்குகளிலும் ஒலிக்கும். ‘உஸ்’ இரைச்சலுக்கு அப்படி ஒரு சுருதி கிடையாது, அது கேட்கும் அலைவெண்கள் அனைத்திலும் பரவிக் கிடக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, ரீங்காரத்துக்கான வைத்தியம் என்று எங்கோ கேள்விப்பட்டதை நம்பி பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவோர் உண்டு. அதனால் ‘உஸ்’ இரைச்சல் சிறிதும் குறையாது. மாறாக, ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து வரும்.

இரைச்சல் எந்த இடத்தில் பிறக்கிறது என்று பார்க்காமல் கருவிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது அடுத்த தவறு. பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முழுவதும் குறைத்து, ஸ்பீக்கரின் அருகே சென்று கேளுங்கள். அப்போதும் இரைச்சல் அதே அளவில் இருந்தால் அது வால்யூம் திருகுக்குப் பின்னால் உள்ள, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் பகுதியிலிருந்து வருகிறது. திருகைக் கூட்டக் கூட அதுவும் கூடினால், திருகுக்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்றில் பிறக்கிறது. அந்த நிலையில், பாட்டு எதுவும் வராத வேறொரு லைன் இன்புட்டுக்கு (சிடி பிளேயர் போன்றவற்றை இணைக்கும் சாதாரண இன்புட்) மாற்றிக் கேட்டால், குற்றவாளி பாட்டு தரும் கருவியா, ஆம்ப்ளிஃபையரின் முன்பகுதியான ப்ரீ ஆம்ப்பா என்பது தெரிந்துவிடும்: இரைச்சல் நின்றால் கருவி, தொடர்ந்தால் ப்ரீ ஆம்ப். ஒரு நிமிட வேலைதான் என்றாலும், இதைச் செய்யாமல் பழுதுக்குக் கொண்டுபோகிறவர்களே அதிகம்.

பாட்டு தரும் கருவியில் வால்யூமைக் குறைத்து வைத்து, அந்தக் குறையை ஆம்ப்ளிஃபையரில் ஈடுகட்டுவதுதான் வீடுகளில் மிகப் பரவலாகக் காணும் தவறு என்பது என் கணிப்பு. கைப்பேசியின் வால்யூம் கால்வாசியில் நிற்க, ஆம்ப்ளிஃபையரின் திருகு முக்கால் பாகத்தைத் தாண்டி நிற்கும். கைப்பேசியின் வெளியீட்டுச் சுற்றிலும் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுச் சுற்றிலும் உள்ள இரைச்சல் ஏறக்குறைய மாறாத அளவுடையது. வால்யூமைக் குறைக்கும்போது சிறுத்துப்போவது பாட்டு மட்டுமே. பிறகு ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் சேர்த்தே பெருக்குவதால் இரைச்சல் முன்னுக்கு வந்து நிற்கிறது. கைப்பேசியில் முழு அளவுக்கோ, உச்சத்தில் ஒலி உடைந்தால் அதற்குச் சற்றுக் கீழோ வைத்து, ஆம்ப்ளிஃபையரில் தேவையான அளவுக்கு மட்டும் கூட்டினால், பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கணினியாக இருந்தால், பயன்படுத்தாத மைக் இன்புட் ஒலி அமைப்பில் திறந்து கிடக்கிறதா என்பதையும் பார்த்து அடைத்துவிட வேண்டும்.

இசைத்தட்டு கேட்பவர்கள், அதன் சுழற்றியை இணைக்கும் ஃபோனோ இன்புட்டை மற்ற இன்புட்டுகளோடு ஒப்பிட்டுப் பதறக் கூடாது. காந்தம் அசைவதால் மின்சாரம் தரும் ‘மூவிங் மேக்னட்’ வகை ஊசி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதை ஃபோனோ பகுதி 40 டெசிபல் அளவுக்கு, அதாவது நூறு மடங்கு, பெருக்கியாக வேண்டும் என்பதால் அங்கே சிறிது இரைச்சல் இயல்பு. எதுவும் இணைக்காமல் ஃபோனோவைத் தேர்ந்து வால்யூமைக் கூட்டிக் கேட்டால் அது இன்னும் பெரிதாகக் கேட்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எஃப்எம் வானொலியில் மட்டும் இரைச்சல் என்றால் ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகிக்கவே வேண்டாம். அலை பலவீனமாக இருக்கும்போது ஸ்டீரியோ ஒலிபரப்பில் இரைச்சல் பெரிதும் கூடும்; மோனோவுக்கு மாற்றினால் அடங்கும், ஆன்டெனாவைச் சரிசெய்தால் ஸ்டீரியோவிலும் குறையும். பழைய கேசட்டுகளிலும் நாடாவில் பதிந்த பழைய இசையிலும் இரைச்சல் பதிவிலேயே இருப்பதால், எவ்வளவு உயர்ந்த கருவியாலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது.

ட்ரெபிளை, அதாவது உயர்ந்த சுருதி ஒலிகளை, குறைத்தால் இரைச்சல் அடங்கியதுபோல் தோன்றும். கூடவே தாளத்தின் பொலிவும் குரலின் மூச்சும் போய்விடுவதால் இதை ஒரு தீர்வாக ஏற்க எனக்கு மனமில்லை. வால்யூம் திருகுக்குள் கண்ட எண்ணெய் ஸ்பிரேயை அடிப்பதும் வேண்டாம். திருகும்போது மட்டும் எழும் ‘கரகர’ ஒலிக்குத்தான் அங்கே சுத்தம் தேவை, அதற்கும் மின் தொடுமுனைகளுக்கென்றே உள்ள திரவம்தான் பொருந்தும்.

உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கருவி பழுது என்று முடிவு கட்டுவதும் தவறே. மின்தடை கொண்ட எந்தச் சுற்றிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதால் சிறு இரைச்சல் பிறந்தே தீரும்; இதை 1928-இல் ஜான்சன் என்ற இயற்பியலாளர் அளந்து காட்ட, நைக்விஸ்ட் என்ற மற்றோர் அறிவியலாளர் அதற்கு விளக்கம் தந்தார். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மட்டுமே ஸ்பீக்கரின் அருகே செல்ல வேண்டும். அது பொருட்படுத்த வேண்டிய அளவா என்பதை வழக்கமாக அமரும் இடத்திலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கர்கள் இதே இரைச்சலைக் கூடுதலாக ஒலிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரைச்சல் ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, பாட்டு தரும் கருவியின் இடது வலது கேபிள்களை ஆம்ப்ளிஃபையரின் முனையில் இடம் மாற்றுங்கள். இரைச்சலும் பக்கம் மாறினால் குறை அந்தக் கருவியிலோ கேபிளிலோ இருக்கிறது. மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் அந்தச் சானலில் ஒரு டிரான்சிஸ்டரோ ரெசிஸ்டரோ கெட்டிருக்கக்கூடும். அதைக் காண மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எந்தப் பக்கம், எந்த இன்புட்டில், வால்யூமோடு சேர்ந்து கூடுகிறதா என்ற மூன்றையும் எழுதி எடுத்துச் சென்றால், பழுது பார்ப்பவர் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிராது.