‘பரையா’: ஆங்கிலம் எடுத்துச்சென்ற ஒரு தமிழ்ச் சொல்லும் நாம் செய்யும் தவறுகளும்

‘ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள்’ என்றொரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆனது. பட்டியலின் நடுவில், அதே பெருமிதத்தோடு, பறையர் என்ற பெயரிலிருந்து பிறந்து ஆங்கிலத்தில் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று பொருள்படும் ‘பரையா’வும் (pariah) இருக்கும். கட்டுமரம் போனது போலத்தான் இதுவும் போனது என்ற நினைப்பே முதல் தவறு. கட்டுமரம் கடல் தாண்டிய பிறகும் படகாகவே இருந்தது. இந்தச் சொல்லோ ஒரு சமூகத்தின் பெயராகக் கப்பலேறி, வசைச் சொல்லாகத் திரும்பி வந்தது.

பறையர் என்ற பன்மைப் பெயரைப் போர்ச்சுக்கீசியர் முதலில் எழுதிவைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்தில் அது தென்படுகிறது. வழியில் கடைசி ‘ர்’ உதிர்ந்துவிட்டது. வல்லின றகரம் ஐரோப்பிய நாவுக்கு எட்டவே இல்லை. அப்போதும் அது தமிழ்நாட்டில் வாழும் ஒரு மக்கள் பிரிவின் பெயர்தான். ‘சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எவரும்’ என்ற விரிந்த பொருளுக்கு ஆங்கிலத்தில் 1819 முதல்தான் சான்று கிடைக்கிறது.

இடையில் என்ன நடந்தது? பிரெஞ்சுக்காரர்கள் நடந்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்னார்தென் த சேன்-பியர் ஒரு குறுங்கதை எழுதினார். உண்மையைத் தேடி இந்தியா முழுக்க அலையும் ஆங்கில அறிஞர் ஒருவர், பண்டிதர்களிடம் கிடைக்காத விடையை ஒரு பறையரின் குடிசையில் கண்டடைகிறார். கதை புகழ்பெற்றது. 1821-இல் கசிமீர் தெலாவீன் இதே சொல்லைத் தலைப்பாக்கி ஒரு சோக நாடகம் போட்டார். ஐரோப்பாவில் அது அனுதாபச் சொல்லாக மாறியது. பின்னால் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் யூதர்களை அந்தப் பெயரால் குறித்தார். யூதச் சிந்தனையாளரான ஹன்னா அரெண்ட் 1944-இல் அதையே தன்மானத்தோடு நிமிர்ந்து நிற்கும் விளிம்புநிலை மனிதரின் பெயராக எடுத்தாண்டார். இத்தனை பேர் மரியாதையாகப் பயன்படுத்தியிருக்கிறார்களே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நூற்றைம்பது ஆண்டு உரையாடலில் சொல்லுக்கு உரியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த தவறு அகராதியிலேயே இருக்கிறது: ‘சாதியிலிருந்து தள்ளப்பட்டவர்’ என்ற விளக்கம். இது 19-ஆம் நூற்றாண்டிலேயே மறுக்கப்பட்டுவிட்டது. கால்டுவெல் மறுத்தார். 1886-இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் மறுத்தது. அவர்கள் எந்தச் சாதியிலிருந்தும் விலக்கப்பட்டவர்கள் அல்லர், தமிழகத்தின் மிகப் பெரிய சமூகங்களில் ஒன்று என்றது. காலனிய அகராதிக்காரர்களுக்கே புரிந்தது இன்றைய தலையங்கக்காரர்களுக்குப் புரியாமல் போவதுதான் விந்தை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் ஒரு நாட்டை எப்போது ‘பரையா’ என்கிறார்கள்? அது ஏதோ செய்த பிறகு. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை அப்படி அழைத்தார்கள். வட கொரியாவை அழைக்கிறார்கள். சவூதி அரேபியாவை அப்படி ஆக்குவேன் என்று ஜோ பைடன் 2019 நவம்பரில் தேர்தல் விவாத மேடையில் சொன்னார். 2022 ஜூலையில் அவரே சவூதியின் ஜெத்தா நகருக்குப் போனபோது செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைத் தோண்டியெடுத்து மறுபடி தலைப்பில் போட்டன. எல்லா இடத்திலும் கணக்கு ஒன்றுதான்: குற்றம் செய்தார், அதனால் ஒதுக்கப்பட்டார். பறையர்கள் என்ன செய்தார்கள்? பிறந்தார்கள். குற்றவாளிக்கான அடைமொழியாக ஒரு மக்களின் பெயரை வைத்தால், அவர்கள் மீது நடந்த கொடுமைக்கு அவர்களே காரணம் என்று சொல் சத்தமில்லாமல் சாட்சி சொல்லிவிடுகிறது. மனிதரைப் பிறப்பால் பிரித்த குற்றத்துக்காகத் தென்னாப்பிரிக்காவைத் திட்டுவதற்கு, பிறப்பால் பிரிக்கப்பட்டவர்களின் பெயரே கிடைத்தது என்பதை என்னால் கடந்துபோக முடிவதில்லை.

‘ஆங்கிலத்தில் அது சாதாரணச் சொல்தானே’ என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். லண்டனில் இருக்கலாம். சென்னையில் இல்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அதே ஊரின் ஆங்கில நாளிதழ்த் தலைப்பில் அதே பெயர் வசையாக அச்சாகிறது, காலைக் காபியோடு கடந்துபோகிறது. மலேசியத் தமிழர்களுக்கு இது ஏட்டுச் சங்கதியும் அல்ல. அங்கே அவர்கள் மீது வீசப்படும் வசை அது. 2011-இல் ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவல் பள்ளிகளில் இலக்கியப் பாடமாக வைக்கப்பட்டபோது, இந்தச் சொல்லை முன்வைத்தே எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆண்டின் முடிவிலேயே பாடத்திலிருந்து நாவல் நீக்கப்பட்டது.

மொழிபெயர்ப்பாளர்கள் வேறு வகையில் வழுக்குகிறார்கள். ஆங்கிலச் செய்தியில் இச்சொல் வந்தால் ‘தீண்டத்தகாத நாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். வசையை இறக்குமதி செய்துவிட்டு உள்ளூர்ப் பூச்சும் பூசிய கதை இது. ‘உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு’ என்றால் போதும், பொருளில் எள்ளளவும் குறையாது. தனிநபர் என்றால் ‘ஊரே ஒதுக்கிவைத்தவர்’. நாய்க்கும் பருந்துக்கும்கூட வெள்ளைக்காரர்கள் இந்த அடைமொழியை ஒட்டிவைத்தார்கள். நாய்ப் பிரியர்கள் சிலர் இன்னும் அதை ஓர் இனப் பெயர் போலச் சொல்கிறார்கள். நாட்டு நாய், கரும்பருந்து என்று நமக்குப் பெயர்கள் இருக்கின்றன.

வேர்ச்சொல் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். பறை என்ற இசைக்கருவியிலிருந்து பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். ஆனால் அந்த மக்களில் பெரும்பாலோர் உழவுத் தொழிலாளர்களாகவே வாழ்ந்தவர்கள். பறைதல் என்றால் சொல்லுதல் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு அறிவிப்போர் என விளக்குவோரும் உண்டு. புறநானூற்றின் 335-ஆம் பாட்டு ‘துடியன் பாணன் பறையன் கடம்பன்’ என நான்கு குடிகளை எண்ணுகிறது. அங்கே அந்தப் பெயரில் இழிவின் சாயலே இல்லை. அதை வைத்து எல்லாக் காலத்திலும் எல்லாம் நன்றாக இருந்தது என்று முடிவு கட்டுவதும் தவறுதான்.

கடைசியாக, நல்ல எண்ணத்தில் செய்யப்படும் ஒரு பிழை. இது புண்படுத்தும் சொல் என்பதால் பழைய வரலாற்றிலிருந்தும் துடைத்துவிட வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்தச் சமூகத்துக்குள்ளேயே இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்திருக்கிறது. ரெட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே இதழ் நடத்தினார். இழிவு பெயரில் இல்லை, ஒளிந்துகொள்வதில் இருக்கிறது என்பது அவர் தரப்பு. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. நாங்கள் பூர்வ பௌத்தர்கள், இது எதிரிகள் இட்ட பெயர் என்றார். 1907-இல் தன் இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் போராடி, அரசுப் பதிவுகளில் பழைய பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்பதைக் கொண்டுவந்தார். மூவரும் மூன்று வழி. ஆகவே பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது சொல்லை மாற்றாதீர்கள். அந்த 1893 இதழின் பெயரை நாகரிகமாகத் திருத்தி எழுதினால், சீனிவாசன் எதற்காக அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் சேர்ந்தே காணாமல் போய்விடும்.