'கில்லர் ஜோ' விமர்சனங்களை எப்படிப் படிப்பது?

முதலில் படத்தைப் பாருங்கள், விமர்சனம் அப்புறம். வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய இந்த டெக்சாஸ் குற்றக் கதை 2011இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. அமெரிக்காவில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லாத என்சி-17 சான்றிதழ் கொடுத்தார்கள், மேல்முறையீடும் பலிக்கவில்லை. அதனாலேயே சில விமர்சனங்கள் வன்முறையோடு நின்றுவிடுகின்றன. அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

நான் தேடுவது வேறு. கடைசிச் சாப்பாட்டு மேசைக் காட்சியில் விமர்சனம் எழுதியவர் சிரித்தாரா, எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கியது? இதை மறைக்காமல் சொல்பவரை நம்புவேன். படத்தில் டிரெய்லர் எனப்படும் நகர்த்தக்கூடிய வீட்டில் வாழும் ஏழைக் குடும்பத்தை மனிதர்களாகப் பார்க்கிறாரா, கேலிப்பொருளாகவா என்றும் கவனியுங்கள். அமெரிக்காவின் தெற்கத்திய மக்களைப் பற்றிய படமாச்சே, எனக்கு இதுதான் முக்கியம். டிரேசி லெட்ஸின் மேடை நாடகமே மூலம் என்பதால், நாடகத்தை அறிந்தவர் எழுதியது ஒன்றையாவது சேர்த்துப் படியுங்கள். மேத்யூ மெக்கானஹேயின் நடிப்பைப் பலரும் பாராட்டினார்கள். அந்தப் பத்திகளில் தேட அதிகமில்லை.