யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ்: புதிதாக வந்து குடியேறுபவர்களுக்கு

கனடாவிலும் பிரான்சிலும் வருடக்கணக்காகக் கார் ஓடியவர்கள், ஊருக்கு வந்த மறுநாளே மச்சானின் பைக்கை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்விடுகிறார்கள். பொலிஸ் மறித்தால் வெளிநாட்டு லைசென்ஸைக் காட்டலாம் என்று ஒரு நினைப்பு. காருக்குத் தந்த லைசென்ஸ் மோட்டார் சைக்கிளுக்குச் செல்லாது. இங்கேயே தங்கப் போகிறீர்கள் என்றால், முறையாகப் பழகி எடுத்துவிடுங்கள்.

முதல் வேலை மெடிக்கல். அதைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில்தான் எடுக்க வேண்டும். உங்கள் குடும்ப டாக்டர் எழுதித் தரும் துண்டு எடுபடாது. கண்ணாடி போடுபவர்கள் அதையும் கொண்டுபோங்கள். அப்புறம் எழுத்துப் பரீட்சை. 40 கேள்விகள், தமிழிலேயே எழுதலாம். வீதிச் சைகைகளைப் பாடமாக்கினால் பெரிய சிரமமில்லை. ஆனால் வலப்பக்கம் ஓடிப் பழகியவர்கள் சுற்றுவட்டக் கேள்விகளில் கவனமாக இருங்கள்: இங்கே உங்களுக்கு வலப்பக்கத்தில் இருந்து வருபவருக்குத்தான் வழி விட வேண்டும். இதில் சித்தியடைந்தால் ஒன்றரை வருடம் செல்லுபடியாகும் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும்.

விண்ணப்பிக்கும்போதே வகுப்பைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். ஏ1 என்பது 100 சிசி வரைதான். "ஸ்கூட்டிதானே, ஏ1 காணும்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஊரெல்லாம் ஓடும் டியோவே 109 சிசி. ஆகவே ஏ வகுப்புக்கே போடுங்கள்.

பயிற்சிக்கு லேர்னர்ஸ் (சாரதிப் பயிற்சி நிலையம்) பிடிக்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பல இடங்களில் மைதானத்தில் எட்டுப் போடப் பழக்கி நேரே ட்ரயலுக்கு, அதாவது ஓடிக் காட்டும் பரீட்சைக்கு, அனுப்பிவிடுவார்கள். வீதிக்குக் கூட்டிப் போவீர்களா, சடுதியாகப் பிரேக் பிடிக்கப் பழக்குவீர்களா என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் வேறு இடம் பாருங்கள்.

எட்டில் எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: வளைவில் பயந்து முன் சில்லைக் குனிந்து பார்ப்பது. பார்த்தவுடன் வேகம் செத்துவிடும், கால் நிலத்தில் ஊன்றிவிடும். "அண்ணை, சில்லைப் பாக்காதேங்கோ, போற பக்கத்தைப் பாருங்கோ" என்று நல்ல பயிற்றுநர் ஒருவர் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பார். கிளச்சைப் பாதி பிடித்து, அக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் அடக்குங்கள். திரும்பி நிற்கும் ஹாண்டிலோடு முன் பிரேக்கைத் தொட்டால் பைக் சரிந்துவிடும். கைச் சைகையும் பழகுங்கள். ஒற்றைக் கையால் நேராக ஓடுவது நினைப்பதுபோல் லேசில்லை.

வீதிப் பயிற்சியை விடியக் காலையில் வெறும் வீதியில் முடித்துவிட்டு வராதீர்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பலாலி வீதியில் ஒரு தடவையாவது பயிற்றுநரோடு போங்கள். இங்கே ஆபத்து பிரதான வீதியைவிட ஒழுங்கை வாயில்களில்தான். மதில் மறைக்கும், சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்காமலே ஏறுவார், மாடு படுத்திருக்கும். அந்த இடத்தில் ஹோர்னை மட்டும் நம்பாமல், அக்சிலேட்டரை விட்டு, விரல்களைப் பிரேக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் குறுக்கே ஓடினால் வெட்டித் திருப்பாமல் நேரே பிடித்து நிறுத்தப் பழகவேண்டும். முன் பிரேக்கைச் சடாரென அமத்தாமல் படிப்படியாக இறுக்கி, பின் பிரேக்கையும் கூடவே பிடிக்க வேண்டும். வீதியோரத்தில் மணல் கிடந்தால் முன் பிரேக்கில் இன்னும் நிதானம்.

ட்ரயலுக்கு நீங்கள் பழகிய அதே பைக்கைத் தரச் சொல்லுங்கள். ஹெல்மெட் பட்டியை ஏறுவதற்கு முன்பே பூட்டிவிடுங்கள்.

ஆகஸ்ட் லீவோடு வந்து அப்படியே தங்குபவர்களுக்கு ஒரு சொல்: நல்லூர்க் கொடியேறிய 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்திருப்பார்கள், மற்ற வீதிகளிலும் நெரிசல். மெடிக்கலையும் படிப்பையும் அப்போது பாருங்கள். பைக்கில் ஏறுவதைத் தீர்த்தம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.