நைட்டனின் அறியப்படாத வரலாற்றைத் தேடிப் படிக்கும் முறை

வேல்ஸின் போவிஸ் மாவட்டத்தில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டி நைட்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. இதன் வரலாற்றைத் தேடுபவர் முதலில் வேல்ஸ் மொழிப் பெயரைக் கவனிக்க வேண்டும். ட்ரெவ்-அ-க்ளௌத் என்றால் மண்ணரண்மீது அமைந்த ஊர் என்று பொருள். எங்கே பார்க்கத் தொடங்குவது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ரயிலில் வந்தால் இன்னும் நல்லது. ஊர் வேல்ஸில் இருந்தாலும், அதன் ரயில் நிலையம் டீம் ஆற்றுக்கு அப்பால், இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷைரில் இருக்கிறது. இதை வேடிக்கையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. எல்லையூரின் தடயங்கள் இரு நாடுகளிலும் சிதறிக் கிடக்கும் என்பதற்கு இதுவே முதல் சான்று.

அடுத்து மண்ணரணுக்குச் செல்லுங்கள். இன்றைய இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டை 757 முதல் 796 வரை ஆண்ட ஒஃபா மன்னனின் பெயரால் வழங்கும் இது, ஊரின் ஊடாகவே செல்கிறது. மேட்டின்மீது நின்று பள்ளம் எந்தப் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது மேற்கே, வேல்ஸ் பக்கம் இருப்பதால், இதை எழுப்பியவர்கள் யாரை எதிரே வைத்து எழுப்பினார்கள் என்பது எந்த ஆவணமும் இல்லாமலே விளங்கிவிடும். இன்றைய எல்லை இந்த மேட்டை அப்படியே பின்பற்றவில்லை என்பதையும் வரைபடத்தில் ஒப்பிட்டு அறியலாம். அரணை ஒட்டிச் செல்லும் 285 கிலோமீட்டர் நடைபாதை 1971-இல் இவ்வூரில்தான் திறந்து வைக்கப்பட்டது.

உள்ளூர்க் கதைகளைக் கேளுங்கள். ஆனால் ஆண்டுகளோடு உரசிப் பாருங்கள். கணவன் தன் மனைவியைக் கயிற்றில் கட்டி மணிக்கூண்டுச் சதுக்கத்துக்கு அழைத்து வந்து விற்றதாகவும், கடைசி விற்பனை 1842-இல் நடந்ததாகவும் இங்கே சொல்வார்கள். மணிக்கூண்டோ 1872-இல் கட்டப்பட்டது. இதனால் மட்டும் கதை பொய்யாகிவிடாது. பழைய நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் தங்கள் கண்முன் நிற்கும் அடையாளத்தில் அதைப் பொருத்திவிடுவது வழக்கமே. எனினும் அக்காலச் செய்தித்தாளிலோ நீதிமன்றப் பதிவிலோ சான்று கிடைக்கும்வரை அதைக் கதை என்றே குறித்துக்கொள்வது நேர்மை.

ஒரு நாள் மிச்சமிருந்தால் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள பில்லெத்துக்குச் செல்லுங்கள். 1402 ஜூன் 22 அன்று, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த வேல்ஸ் தலைவர் ஒவைன் க்ளின்டூர் இங்கே ஆங்கிலேயப் பிரபு எட்மண்ட் மார்ட்டிமரின் படையை வென்று அவரைச் சிறைபிடித்தார். சிறைப்பட்ட மார்ட்டிமர் பின்னர் க்ளின்டூரின் மகளையே மணந்து அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். எல்லைப்புறத்தில் விசுவாசம் எவ்வளவு எளிதில் இடம் மாறியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை என்பேன்.

ஆவணங்களைத் தேடும்போது போவிஸ் என்ற பெயரோடு நின்றுவிடாதீர்கள். அம்மாவட்டம் 1974-இல்தான் உருவானது; அதற்கு முன் நைட்டன் ராட்னர்ஷைரில் இருந்தது, ராட்னர்ஷைரே 1536-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. வேல்ஸ் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். தேவாலயப் பதிவுகளுக்கு இங்கிலாந்துப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும்: அருகிலுள்ள ப்ரெஸ்டீன் ஊர் வேல்ஸில் இருந்தும், அதன் தேவாலயம் இன்றுவரை இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.