எஸ்எல்20 இன்டெக்ஸில எந்தக் கம்பனி வரும்? கனபேர் விடுற பிழைகள்

கொழும்புப் பங்குச் சந்தையில இருக்கிற பெரிய 20 கம்பனிட விலை ஏற்ற இறக்கத்தைச் சேத்துக் காட்டுற சுட்டெண்தான் எஸ்எல்20 இன்டெக்ஸ். திருகோணமலையில ஷெயார் கதை வந்தா மூண்டு பேர்தான் முதல்ல அடிபடும், பிரிமா, டோக்கியோ சீமெந்து, ஐஓசி. பெரிய கம்பனிதானே, இன்டெக்ஸில கட்டாயம் இருக்கும் எண்டு நினைக்கிறது முதல் பிழை. பிரிமா மா ஆலை கண்ணுக்கு முன்னால மலை மாதிரி நிக்குது, ஆனா அந்த மா அரைக்கிற கம்பனி பிரைவேட், கொழும்புச் சந்தையில அதுட ஷெயாரே இல்ல (அந்தக் குழுமத்தில சிலோன் கிரெய்ன் எலிவேட்டர்ஸும் த்ரீ ஏக்கர் ஃபார்ம்ஸும்தான் லிஸ்ட் ஆகியிருக்கு). இலங்கை வங்கியும் அப்படித்தான், முழுக்க அரசாங்கத்திட, பிறகெப்படி இன்டெக்ஸுக்கு வரும்?

அடுத்தது ரெண்டு இன்டெக்ஸையும் போட்டுக் குழப்புறது. செய்தியில "அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்" எண்டு வாசிக்கிறதில தெரிவு எண்டே ஒண்டும் இல்ல, லிஸ்ட் ஆன சாதாரண பங்கு எல்லாம் உள்ளுக்க வரும். தெரிவு நடக்கிறது 2012 ஜூன்ல தொடங்கின எஸ்அன்ட்பி எஸ்எல்20ல. அதுக்கு முதல் இருந்த மிலங்க இன்டெக்ஸ்ல 25 கம்பனி, அது இப்ப இல்ல.

இனி விலை. ஒரு ஷெயார் 2000 ரூபா போகுது, அப்ப பெரிய கம்பனி எண்டு சொல்றவங்களோட வாதாடியே களைச்சுப் போயிடும். 2000 ரூபா ஷெயார் 10 லட்சம்தான் இருந்தா மொத்தப் பெறுமதி 200 கோடி, 20 ரூபா ஷெயார் 100 கோடி இருந்தா 2000 கோடி. எது பெரிசு?

கம்பனிகளை வரிசைப்படுத்துறது அந்த மொத்தப் பெறுமதியிலதான், ஆனா இன்டெக்ஸுக்குள்ள ஒவ்வொரு கம்பனிக்கும் எவ்வளவு பாரம் எண்டதுக்கு அதை அப்படியே எடுக்கிறதில்ல, இதைத்தான் கனபேர் விட்டுடுறாங்க. சந்தையில கை மாறக்கூடிய பங்கு எவ்வளவு எண்டுதான் பாப்பாங்க, ஃப்ரீ ஃப்ளோட் எண்டு சொல்றது அதைத்தான். சீனன்குடாவில எண்ணெய்த் தாங்கி வச்சிருக்கிற லங்கா ஐஓசியைப் பாருங்க, 75 வீதத்துக்கு மேல இந்தியன் ஒயில்ட கையில, அவங்க அதை விக்கப் போறதில்ல, நீங்களும் நானும் வாங்கக்கூடியது மிச்ச கால்வாசிதான், கணக்குக்கும் அந்தக் கால்வாசிதான் வரும். அதால பாதிக்கு மேல பொதுமக்கள் வச்சிருக்கிற ஒரு நடுத்தரக் கம்பனி, தாய்க் கம்பனி இறுக்கிப் பிடிச்சிருக்கிற பெரிய கம்பனியை இன்டெக்ஸுக்குள்ள பாரத்தில முந்தலாம்.

உள்ளுக்க வர, அப்படிக் கழிச்ச பிறகும் பெறுமதி குறைஞ்சது 50 கோடி ரூபா இருக்கோணும். தெரிவுக்கு முந்தின மூண்டு மாசமும் மாசத்தில குறைஞ்சது 10 நாளாவது ஷெயார் வித்து வாங்குப்பட்டிருக்கோணும், கடைசி 12 மாசத்தில லாபமும் காட்டியிருக்கோணும். இதுகளைத் தாண்டினதுகளில மொத்தப் பெறுமதியில பெரிய 20தான் உள்ளுக்க. இன்டெக்ஸில ஒரு கம்பனிட பாரம் 15 வீதத்துக்கு மேல போகாம ஒரு கட்டும் போட்டிருக்காங்க, இல்லாட்டி ரெண்டு மூண்டு பேரே முழு இன்டெக்ஸையும் இழுத்துக்கொண்டு போயிடுவாங்க.

இந்த லாப விதியால இன்னொரு பிழை வருது. நட்டம் காட்டின கம்பனியை வெளிய எடுத்தா உடனே "முடிஞ்சுது, வில்லு" எண்டு வாட்ஸ்அப்பில மெசேஜ் பறக்கும். வெளிய போனது விதிக்குப் பொருந்தாததால, கடையை மூடினதால இல்ல. உள்ளுக்க வந்ததும் நல்ல கம்பனி எண்டு ஒருத்தரும் குடுத்த சர்டிபிகேட் இல்ல, அந்தச் செய்தியை நம்பி ஏறின விலையில போய் வாங்காதீங்க. லிஸ்ட் ஜூனிலயும் டிசம்பரிலயும் மாறும், அதால யாரோ அனுப்பின பழைய ஸ்கிரீன்ஷொட்டை வச்சுக்கொண்டு கதைக்காம சந்தைட வெப்சைட்டில புது லிஸ்டைப் பாருங்க.